முதலில் இதையே பயன்படுத்து

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று பார்த்தேன். கெட்டிக்காரி என்ற ஒரு வார்த்தைதான் கிடைத்தது. மற்ற மூன்றையும் தேடிக்கொண்டிருந்தால் கதை நகராது.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. அறுநூற்றுச் சொச்சம் கட்டடங்கள் எங்கள் பொறுப்பில் இருந்தன. லிஃப்ட்டுக்குள் ஏறியதும் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்குமே, 'கதவில் சாயாதீர்கள்', 'ஆறு பேருக்கு மேல் ஏறாதீர்கள்', 'நின்றுவிட்டால் பதறாமல் மணியை அழுத்துங்கள்' என்றெல்லாம், அவை என் கைவண்ணம். பதினெட்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. நாத்தனார் இன்ஜினியர், ரிமோட் பிரிவின் தலைவி. என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆத்திரம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

போன வருஷம் புகார் வாங்கும் வேலையை ஒரு செயற்கை நுண்ணறிவு ஏஜென்டிடம் கொடுத்தார்கள். எந்தக் கட்டடத்திலிருந்து யார் போன் செய்தாலும் அதுதான் பேசும், அதுதான் முடிவெடுக்கும். மெக்கானிக்குகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு வார்த்தை சொன்னால் பத்தொன்பது பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது, முகம் கோணாமல் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையின் கையில் இரண்டு முக்கியமான கருவிகள் இருந்தன. ஒன்று ரீசெட். லிஃப்ட்டின் மூளையான கண்ட்ரோலரைத் தூரத்திலிருந்தே அணைத்துப் போடும். நாற்பது விநாடி வேலை. அது நாத்தனாருடைய பிரிவு. இன்னொன்று மெக்கானிக்கை அனுப்புவது. அது எங்கள் பிரிவு. கருவிக்குள் என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளை திறந்து பார்க்காது. பக்கத்தில் எழுதியிருக்கும் ஏழெட்டு வரிக் குறிப்பைத்தான் படிக்கும். இது என்ன செய்யும், எப்போது கூப்பிட வேண்டும், எப்போது கூப்பிடவே கூடாது என்று அந்தக் குறிப்பில் இருப்பதுதான் அதற்கு வேதம். அந்தந்தப் பிரிவின் குறிப்பை அந்தந்தப் பிரிவே எழுத வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. எங்கள் பிரிவில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் எழுதிய முதல் குறிப்பு நல்ல குறிப்பு. இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்வேன். 'பழுது பார்க்க மெக்கானிக்கை அனுப்பும் கருவி. கதவு மூடவில்லை, உரசும் சத்தம் வருகிறது, தளத்துக்குச் சமமாக நிற்கவில்லை, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார் என்றால் கூப்பிடு. பல்பு எரியவில்லை, உள்ளே குப்பை கிடக்கிறது என்பவற்றுக்குக் கூப்பிடாதே, காவலாளியிடம் சொல். மெக்கானிக் வந்து சேர முக்கால் மணி நேரம் வரை ஆகலாம் என்று புகார் செய்தவரிடம் தெரிவி. இந்தக் கருவியைக் கூப்பிட்ட பிறகு, மெக்கானிக் வேலை முடிந்ததாகப் பதியும்வரை, அந்தக் கட்டடத்தில் ரீசெட் கருவியைத் தொடாதே. அவர் லிஃப்ட் கூண்டின் மேலோ அடியிலோ இருக்கலாம்.'

அந்தக் கடைசி இரண்டு வரியை எழுதும்போது எனக்கு என் வீட்டுக்காரர்தான் கண்ணில் நின்றார். ரீசெட் செய்தால் லிஃப்ட் தன் இடம் எதுவென்று மறந்துபோகும். மறுபடி கண்டுபிடிக்கத் தானாகவே தரைத்தளம்வரை இறங்கும். கூண்டுக்கு மேலே ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அது அவரையும் சேர்த்துத்தான் இறங்கும்.

நாத்தனாரும் தன் குறிப்பின் முடிவில் அதையே எழுதியிருந்தாள்: 'மெக்கானிக் அந்தக் கட்டடத்தில் இருக்கும்போது பயன்படுத்தாதே.' அவளுக்கு அவர் அண்ணன் அல்லவா. கருவிக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்திருக்கலாம். குறிப்பில் இருக்கிறதே, மாப்பிள்ளை படிக்காமலா போகும் என்று வைக்காமல் விட்டார்கள்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் சுவரில் இரண்டு பட்டைகளைக் காட்டினார். நீலம் ரீசெட், பச்சை மெக்கானிக். எந்தக் கருவியை மாப்பிள்ளை எத்தனை தடவை கூப்பிட்டது என்ற கணக்கு.

"மூணு மாசம் பாப்போம். எது கம்மியாப் போகுதோ அந்தப் பிரிவைச் சுருக்கிடலாம். பச்சை இறங்கிச்சுன்னா பத்தொம்பது மெக்கானிக் எதுக்கு? ஏழு பேர் போதும்" என்றார். மின்விசிறியை ஒரு புள்ளி குறைக்கச் சொல்கிற குரலில் சொன்னார்.

ஏழு பேரில் என் வீட்டுக்காரர் இருக்க மாட்டார் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தொரு வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். லிஃப்ட்டைத் தவிர அவருக்கு உலகத்தில் எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஒரு லிஃப்ட்டில் ஏறி நின்றால் இரண்டு தளம் போவதற்குள் அதற்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்வார். அவரை வீட்டில் உட்கார வைத்தால் மூன்றே மாதத்தில் ஆள் உருக்குலைந்து போவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நீலப் பட்டை எகிறியிருந்தது. என்ன மாயம் என்று போய்ப் பார்த்தேன். நாத்தனாரின் குறிப்பில் புதிதாக ஒரு வரி, அதுவும் முதல் வரியாக: 'பெரும்பாலான புகார்களுக்கு முதலில் இதையே பயன்படுத்து. நாற்பது விநாடியில் தீர்வு.'

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது.

அவள் குடியிருப்பது எங்கள் எதிர் வாசலில்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு, அது பத்து வருஷப் பழக்கம். அன்றைக்குத் தட்டை வைத்ததுமே கேட்டுவிட்டேன்.

"பெரும்பாலான புகார்னு எழுதியிருக்கியே, எந்தப் புகார்? கதவு உடைஞ்சா ரீசெட் ஒட்ட வைக்குமா?"

"அண்ணி, நீங்க எழுதிப் பழகினது ஸ்டிக்கர். இது வேற." அவள் என்னை 'நீங்க' என்று மரியாதையாகத்தான் பேசுவாள். அந்த மரியாதையை வைத்தே ஆளைக் கீறத் தெரிந்தவள்.

"என் ஸ்டிக்கரைப் படிச்சவன் எவனும் பொய்யைப் படிக்கல."

"பொய் எங்க இருக்கு? பாதிப் புகார் ரீசெட்ல சரியாயிடுது. மீதியை அப்புறம் உங்க ஆளுங்க வந்து பாக்கட்டும்."

"என் ஆளுங்களா? உன் அண்ணன்டி அது. அவர் வேலைக்கு உலை வைக்கிற, அது தெரியுதா?"

"தெரிஞ்சுதான் செய்யறேன்" என்றாள். சோற்றைப் பிசைந்த கை நிற்கவே இல்லை. "அண்ணனுக்கு முட்டி போச்சு. இன்னும் எத்தனை வருஷம் அந்தப் பொந்துக்குள்ள தொங்கணும்? என் பிரிவுல ஒரு நாற்காலி கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு நிழல்ல உக்காந்திருக்கலாம்."

"உன் கீழ உக்காரணும்னு சொல்லு."

"என் கீழ உக்காந்தா என்ன, குடி முழுகிப் போயிடுமா?"

அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழமையாவது லிஃப்ட்டைத் தரையில விடுங்க" என்றார். நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை. அவரிடம் நாற்காலி வேண்டுமா, லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த ஷாஃப்ட் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே அத்தனை நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக என் குறிப்பைத் திறந்தேன். 'எந்தப் புகாராக இருந்தாலும் இதுவே பாதுகாப்பான தேர்வு. சந்தேகம் இருந்தால் இதையே பயன்படுத்து' என்று மேலே போட்டேன். பல்பு, குப்பைக்குக் கூப்பிடாதே என்ற வரியை எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆகும் என்பதையும் எடுத்தேன். உண்மைதான், ஆனால் நாற்பது விநாடிக்குப் பக்கத்தில் அது அசிங்கமாகத் தெரிந்தது. பட்டை கொஞ்சம் ஏறியது. எனக்குப் போதவில்லை.

மறுபடியும் வரி வரியாகப் படித்தேன். கடைசியில் கண்ணில் பட்டது அந்த இரண்டு வரி. அதில் ரீசெட் கருவியின் பெயர் இருந்தது. மாப்பிள்ளை என் குறிப்பைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் என் காசில் நாத்தனாருக்கு விளம்பரம் போகிறது என்று தோன்றியது. இவள் பேரை நான் ஏன் என் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் குறிப்பில்தான் மெக்கானிக் இருந்தால் தொடாதே என்று இருக்கிறதே, ஒரு விஷயத்தை இரண்டு இடத்தில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். இரண்டு வரியையும் அழித்தேன். அழித்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு டீ நன்றாக இருந்தது.

அந்த வாரம் பச்சைப் பட்டை நீலத்தைத் தாண்டியது. அடுத்த வாரம் இரண்டு மடங்கு. மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் மெக்கானிக்கை அனுப்பியது. பொத்தானில் எண் அழிந்துபோயிருக்கிறது என்றால் மெக்கானிக். கண்ணாடியில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்றால் மெக்கானிக். ஒரு அம்மாள் தன் பூனையைக் காணோம் என்று போன் செய்ததற்கும் ஒருவரை அனுப்பி வைத்தது. மெக்கானிக்குகள் என்னைப் பார்த்து முறைத்தார்கள். நன்றி கெட்டவர்கள், உங்கள் வேலையைக் காப்பாற்றத்தானே இத்தனையும் என்று மனசுக்குள் திட்டினேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு நாலு கட்டடம் என்பது போய் பதினொன்று, பன்னிரண்டு ஆனது. வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்.

"மாப்பிள்ளைக்கு என்னாச்சு? கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"வேலை இருந்தா நல்லதுதானே" என்றேன்.

"வேலை இருந்தா நல்லது. ஓட்டம்தான இருக்கு. கைய வெச்சு ஒழுங்கா ஒரு போல்ட்டைத் திருக விடமாட்டேங்குது."

குறிப்பை நான் மாற்றியதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், அப்போது சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

இதற்குள் நாத்தனாருக்கு வேறு ஒரு தலைவலி. மெக்கானிக்குகள் எந்நேரமும் ஏதாவது ஒரு கட்டடத்தில் இருந்ததால், 'மெக்கானிக் இருக்கும்போது பயன்படுத்தாதே' என்ற வரி அவள் கருவிக்குக் குறுக்கே விழுந்தது. பூனை தேடப் போனவர் நிற்கும் கட்டடத்தில்கூட ரீசெட் செய்ய மாப்பிள்ளை மறுத்தது. நீலப் பட்டை படுத்தே விட்டது. அவள் என்ன செய்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவளும் அந்த வரியை எடுத்தாள். அண்ணி குறிப்பில் அது இருக்கிறதே என்று நினைத்தாளாம். பிறகு சொன்னாள். நான் நம்புகிறேன், ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு. பத்து மாடிக் கட்டடம், நாலாவது தளத்தில் கதவு இழுத்துப் பிடிக்கிறது என்று புகார். அவருக்கு அன்று அது ஒன்பதாவது கட்டடம். கூண்டின் மேல் ஏறினால் முதலில் அங்கிருக்கும் ஸ்டாப் சுவிட்சை அழுத்த வேண்டும். அழுத்தினால் யார் என்ன செய்தாலும் லிஃப்ட் அசையாது. இருபத்தாறு வருஷமாக அவர் அதை அழுத்தாமல் நின்றதில்லை. அன்றைக்கு, கதவு ஓடும் சக்கரமான ரோலர் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்று கையை உள்ளே விட்டிருக்கிறார். பத்தாவது கட்டடத்துக்கு மாப்பிள்ளை ஏற்கெனவே அழைப்பு அனுப்பியிருந்தது.

அதே நேரத்தில் எட்டாவது தளத்துக்காரர் லிஃப்ட் வரவே இல்லை, அவசரமாக வெளியே போக வேண்டும் என்று போன் செய்தார். மாப்பிள்ளை இரண்டு குறிப்புகளையும் படித்தது. ஒன்றில் மெக்கானிக்கை அனுப்பு என்று இருந்தது, அனுப்பியாகிவிட்டது. இன்னொன்றில் முதலில் இதையே பயன்படுத்து என்று இருந்தது. கூடாது என்று எங்கேயும் இல்லை. அது சொன்னபடி செய்தது.

கூண்டு இறங்கியது. வலது கை கதவுச் சட்டத்துக்கும் ரோலர் தண்டவாளத்துக்கும் நடுவில் மாட்டியது. கூண்டு ஒரு சாண் இறங்கித் திணறி நின்றது; அலறல் கேட்டுக் காவலாளி ஓடி வந்து மெயினை அணைத்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். மீதி மூன்றும் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு படிவம். ஸ்டாப் சுவிட்சை அழுத்தாமல் பணி செய்தது தன் தவறு என்று மெக்கானிக் ஒப்புக்கொள்வதாக எழுதியிருந்தது. அடியில் கையெழுத்துக்குக் கோடு.

"இடது கையால போட்டாலும் பரவாயில்ல. குடும்பத்துலயே ஆள் இருக்கறது நமக்கு வசதியாப் போச்சு. நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

"போட்டா?"

"போட்டா விவகாரம் முடிஞ்சுது. அவரால இனிமே வேலை செய்ய முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். விதியை மீறினதால நடந்த விபத்துன்னா கம்பெனிக்குப் பொறுப்பு கெடையாது."

அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் இருபத்தாறு வருஷம் அழுத்திய சுவிட்சுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அழுத்தாத ஒரு தடவைதான் காகிதத்தில் ஏறியிருந்தது. என் இடத்துக்குப் போய்க் குறிப்புகளின் பழைய பிரதிகளைத் திறந்தேன். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். என்னுடையது ஆறு பிரதி, அவளுடையது ஐந்து. தேதிவாரியாக அச்செடுத்தேன்.

அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாத்தனார் வந்து நின்றாள். மூன்று நாளில் முகம் சிறுத்திருந்தது. தாள்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னுதை எதுக்கு எடுத்தீங்க?"

"உன் வரியை நீ எடுத்த தேதி அதுல இருக்கு."

"உங்க தேதி அதுக்கு முந்தினது" என்றாள். "நீங்க ஊர்ல இருக்கிற பூனைக்கெல்லாம் அண்ணனை அனுப்பலேன்னா நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்."

"முதல்ல இதையே பயன்படுத்துன்னு ஆரம்பிச்சு வெச்சது யாரு?"

"நான் ஒரு வரி சேத்தேன். நீங்க ஒரு வரியை எடுத்தீங்க. ரெண்டும் ஒண்ணா?"

அவள் சொன்னது சரி. அவள் சரியாகச் சொல்லும்போது எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. அவள் கையில் அகப்படாமல் தாள்களைச் சுருட்டிக்கொண்டேன். "நான் என்னுதை மட்டும் சொல்லிக்கிறேன். உன்னுதை நீ சொல்லு, சொல்லாம இரு. உன் மனசாட்சி, உன் பாடு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்கு நடந்தேன்.

அந்த வரியை நான்தான் அழித்தேன், இந்தத் தேதியில், இந்தக் காரணத்துக்காக என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினேன். மேனேஜர் "அவசரப்படாதீங்க, யோசிச்சு எழுதுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நான் பாதி எழுதியிருப்பேன், கதவைத் தட்டாமல் நாத்தனார் உள்ளே வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க சார்."

"நீங்க எதுக்கும்மா?"

"இவங்க மட்டும் எழுதிக் குடுத்தா, எங்க அண்ணன் ஆயுசுக்கும் இவங்கதான் யோக்கியம்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு."

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதினோம். பரீட்சையில் காப்பி அடித்துவிடுவேனோ என்பது போல அவள் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்ததும் மேனேஜர் இரண்டையும் படித்தார். படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இனி இது மேலிடத்துக்குப் போகும், மெக்கானிக் மீது பழி நிற்காது, அவருக்குச் சேர வேண்டியது சேரும் என்றார். எங்கள் அடையாள அட்டைகளை மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்தோம்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது, மறைப்பானேன்: வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், பெரிய காரியம் செய்திருக்கிறேன், அவர் ஒரு வார்த்தை சொல்வார். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பாள். படியில் எனக்கு முந்தி ஏறினாள்.

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை கட்டு. கட்டிலின் இரண்டு பக்கமும் நாங்கள் நின்றோம். நடந்ததை நான் சொன்னேன். விட்டுப்போனதை அவள் சொன்னாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினோம். முடிந்ததும் அவர் என் கையிலிருந்த தாள்களைக் கேட்டார்.

"படிச்சுக் காட்டவா?" என்றேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றார்.

மடியில் வைத்து இடது கையால் புரட்டினார். அவர் மெதுவாகத்தான் படிப்பார், உதடு அசையும். என்னுடைய முதல் பிரதியைக் கடைசிவரை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இங்க இருக்கேன்" என்றார்.

அடுத்தது அவள் எழுதிய முதல் பிரதி. அதிலும் கடைசி வரியில் விரல் நின்றது. "இதுலயும் இருக்கேன்."

மூன்றாவது தாளைப் படித்தார், நான்காவதைப் படித்தார். இரண்டிலும் விரல் அடியில் வந்து நின்றது. ஐந்தாவது தாளில் கீழேவரை வந்த விரல் நிற்க இடமில்லாமல் ஓரத்துக்குப் போனது. தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஓடிவிடலாம் போல இருந்தது.

"இதுல காணோமே" என்றார். தேதியைப் பார்த்தார். "இது யாரு எழுதினது?"

"நான்."

"ஏன் எடுத்த?"

உங்கள் வேலைக்காக என்று சொல்லியிருக்கலாம். பொய்யில்லை. பத்தொன்பது குடும்பத்துக்காக என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனையோ வரி இருக்க, அந்த வரியின் மேல் மட்டும் எனக்குக் கோபம் வந்தது ஏன் என்று அவர் கேட்டிருந்தார்.

"அதுல இவ டூல் பேர் இருந்துச்சு" என்றேன்.

அவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"நீ?"

"எல்லா எடத்துலயும் மெக்கானிக் நின்னாங்கண்ணா. அந்த வரி இருந்தா என் டூல் ஓடல" என்றாள். அழத் தொடங்கியிருந்தாள்.

அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் சொன்னது புரிந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தாள்களை ஒரு கையால் அடுக்கப் பார்த்தார். ஓரம் சேரவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் நர்ஸ் மருந்துத் தட்டோடு உள்ளே வந்தாள்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் அடுக்கிக் குடுங்க" என்றார் அவளிடம். "அப்புறம் இவங்க ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லுங்க."